சாவி ஒன்று குறைகிறதே! ஸெல்டா டன்ஜன்கள்: வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' வீடியோ கேம் வரிசையின் டன்ஜன்கள் (புதிரும் எதிரிகளும் பூட்டிய கதவுகளும் நிறைந்த அறைத் தொகுதிகள்) பற்றி வந்த கேள்விகள் மட்டும். சில இடங்களில் புதிரின் விடை அப்படியே வெளிப்படும். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படிக்கவும்.

கேள்வி: டன்ஜன், லெவல், டெம்பிள், ஷ்ரைன் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைத்தான் டன்ஜன் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது?

பதில்: 1986-ல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்த முதல் ஆட்டத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. உள்ளே காலெடுத்து வைத்ததும் திரையின் மேல் மூலையில் 'லெவல்-1' என்றே போட்டிருக்கும். அப்படி மொத்தம் ஒன்பது. மேப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு: கழுகு, நிலா, பாம்பு, சிங்கம் என்று. முதல் ஆறு லெவலின் அறைகளும் 16-க்கு 8 கட்டம் கொண்ட ஒரே பரப்பில், வெட்டி ஒட்டிய படத்துண்டுகள் போல ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. நினைவக இடத்தை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தார்கள். மிச்சம் பிடித்ததில் வடிவமைப்பாளர் தகாஷி டெசுகா தவறுதலாகப் பாதி இடத்தை மட்டுமே பயன்படுத்திவிட்டார். மீதிப் பாதியில் பிறந்ததுதான் ஆட்டத்தை முடித்ததும் திறக்கும் இரண்டாவது சுற்று.

பிற்கால ஆட்டங்களில் டெம்பிள், பேலஸ், டவர், கேவர்ன் என்று பெயர் மாறிக்கொண்டே போகிறது. பெயரை விடுங்கள். தனி மேப், தனிச் சாவிக் கணக்கு, உள்ளேயே கிடைக்கும் ஒரு புதிய ஆயுதம் அல்லது கருவி, கடைசியில் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. இந்த நான்கும் இருந்தால் டன்ஜன் என்று தயங்காமல் சொல்லலாம். ஒன்றிரண்டு குறைந்தால் மினி டன்ஜன். 'ஒக்கரினா ஆஃப் டைம்' ஆட்டத்தில் 'பாட்டம் ஆஃப் தி வெல்' மேப், காம்பஸ், சாவி, கருவி எல்லாம் வைத்திருந்தும் முழு பாஸ் இல்லாததால் மினிக்குத் தள்ளப்பட்டது. 'ஐஸ் கேவர்ன்' இடத்தில் மேப் உண்டு, சாவி கிடையாது. கெருடோ பயிற்சிக் களத்தில் சாவி ஒன்பது, மேப் கிடையாது. ரசிகர்கள் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், தீர்ப்பு வராது.

கேள்வி: 'ஒக்கரினா ஆஃப் டைம்' வாட்டர் டெம்பிளில் ஒரு சாவி குறைகிறது. பூட்டிய கதவு முன்னால் நிற்கிறேன், கையில் சாவி பூஜ்யம். ஆட்டத்தில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. இந்த ஆட்டத்தில் ஒரு டன்ஜனின் சின்னச் சாவி அந்த டன்ஜனின் எந்தச் சின்னப் பூட்டுக்கும் பொருந்தும். திறந்த கதவு திறந்தே இருக்கும். சாவி வெளியே போகாது. ஆகவே பூட்டிய கதவு மிச்சம் இருக்கிறது என்றால், நீங்கள் இப்போது எட்டக்கூடிய ஏதோ ஓர் இடத்தில் ஒரு சாவி மிச்சம் இருக்கிறது. வெளியே போய்த் தேடவே வேண்டாம்.

வாட்டர் டெம்பிளில் சாவி ஆறு. தப்பிப்போவது பெரும்பாலும் நடுத் தூணுக்குள் இருக்கும் ஒன்றுதான். அந்தத் தூணுக்குள் உள்ள முக்கோணப் பலகை முன் 'ஸெல்டாஸ் லல்லபை' பாட்டை ஒக்கரினாவில் வாசித்தால் நீர் நடு மட்டத்துக்கு ஏறும். ஏறியதும் எல்லோரும் செய்வது, மேலே தெரியும் கதவு வழியாக உடனே வெளியேறுவது. அங்கேதான் பிசகுகிறது. நீர் ஏறியபோது தூணின் தரையில் இருந்த கட்டையும் மிதந்து மேலே வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு துளை. நீரில் மூழ்க வைக்கும் அயர்ன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அந்தத் துளைக்குள் இறங்குங்கள். கீழே இருக்கும் முள்ளுருண்டை எதிரிகளை ஹுக்‌ஷாட்டால் (சங்கிலிக் கொக்கி) முடியுங்கள். பூட்ஸோடு நீருக்கடியில் நிற்கும்போது வேறு ஆயுதம் வேலை செய்யாது. அவை ஒழிந்ததும் அடைப்பு திறக்கும், உள்ளே பெட்டி, பெட்டியில் சாவி.

மற்ற டன்ஜன்களில் ஒரு அறையை ஒரு முறை பார்த்தால் போதும். இங்கே நீர் கீழ், நடு, மேல் என்று மூன்று மட்டம் மாறுவதால் ஒரே அறை மூன்று அறையாகிவிடுகிறது. தாளில் அறைப் பெயர்களை எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, எந்த மட்டத்தில் பார்த்தோம் என்று குறித்துக்கொண்டே போனால் குறையும் இடம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காம்பஸ் கிடைத்துவிட்டால் திறக்காத பெட்டிகளை மேப் காட்டிக்கொடுக்கும்.

இந்த டெம்பிளின் கெட்ட பெயருக்குப் புதிரைவிட பூட்ஸ்தான் காரணம். 1998 பதிப்பில் ஒவ்வொரு முறை மூழ்கவும் மிதக்கவும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போய் மாட்டிக் கழற்ற வேண்டும். டன்ஜன்களை வடிவமைத்த எய்ஜி ஆவோனுமாவே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011-ல் வந்த 3டிஎஸ் பதிப்பில் பூட்ஸை ஒரு பட்டனிலேயே வைத்துக்கொள்ளலாம். மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட சுவரில் நிறக் கோடுகளும் சேர்த்தார்கள். புதிதாக ஆடுபவர்கள் அந்தப் பதிப்பையே எடுங்கள்.

இன்னொன்று: நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸோரா ட்யூனிக்கை 300 ரூபி (ஆட்டத்தின் காசு) கொடுத்து வாங்காதீர்கள். ஐஸ் கேவர்னில் கிடைக்கும் நீல நெருப்பைப் பாட்டிலில் பிடித்துவந்து, சிவப்புப் பனியில் உறைந்திருக்கும் ஸோரா ராஜாவை விடுவித்தால் இலவசமாகவே தருவார்.

கேள்வி: 1986 ஆட்டத்தில் ஏழாவது லெவலில் ஒரு ஜந்து வழி விடாமல் முனகிக்கொண்டே நிற்கிறது. வாள், குண்டு, அம்பு எதுவும் பலிக்கவில்லை. சாவியும் தீர்ந்துவிட்டது.

பதில்: அதற்குப் பசி. வெளியே கடையில் விற்கும் இறைச்சித் துண்டை வாங்கிவந்து அதன் முன் போடுங்கள், போய்விடும். கடைக்குக் கடை விலை வேறு: ஓரிடத்தில் 60 ரூபி, இன்னோரிடத்தில் 100.

முதல் ஆட்டத்துக்கு மேலே சொன்ன 'எல்லாம் உள்ளேயே' என்ற கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஆறாவது லெவலின் பாஸான கோமாவை அம்பால்தான் கொல்ல முடியும். வில் முதல் லெவலில் கிடைக்கும். அம்பை 80 ரூபி கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும். அதோடு முடியவில்லை. எய்யும் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு ரூபி கழியும். காசில்லாமல் கோமாவின் அறைக்குள் போனால் கையில் வில் இருந்தும் பயனில்லை. 30 ரூபியாவது வைத்துக்கொண்டு நுழையுங்கள்.

சாவி விஷயத்தில் மட்டும் இந்த ஆட்டம் தாராளம். ஒரு லெவலில் மிஞ்சிய சாவியை அடுத்த லெவலில் பயன்படுத்தலாம். போதாவிட்டால் 80 அல்லது 100 ரூபிக்குக் கடையில் வாங்கலாம். எட்டாவது லெவலில் கிடைக்கும் மாயச் சாவி எத்தனை பூட்டையும் திறக்கும், தீரவே தீராது. ஆகவே சாவியைக் கண்ட கதவிலெல்லாம் போட்டு வீணடித்தாலும் ஆட்டம் முடங்காது. ரூபி சேர்க்கும் அலுப்புதான் தண்டனை.

கேள்வி: 'எ லிங்க் டு தி பாஸ்ட்' ஆட்டத்தில் டன்ஜன்களை இஷ்டப்பட்ட வரிசையில் முடிக்கலாமா?

பதில்: இந்த ஆட்டத்தில் ஒளி உலகம், இருள் உலகம் என்று இரண்டு உண்டு; இருள் உலகில் ஓரளவு முடியும். ஆனால் சில இடங்களில் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டியதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐஸ் பேலஸ் வாசலிலேயே உறைந்த ஜந்துகளை உருக்க ஃபயர் ராட் அல்லது பாம்போஸ் பதக்கம் வேண்டும். உள்ளே கடைசிப் பகுதியில் ஒரு கட்டையை நீண்ட சுற்றுவழியில் தள்ளிக் குழியில் விழவைத்து, கீழ்த்தளத்து ஸ்விட்சின் மேல் உட்காரவைக்கும் புதிர் வருகிறது. மிஸரி மையர் டன்ஜனை முதலில் முடித்து சோமரியா கோலை எடுத்துவந்தால், அந்தக் கோலால் ஒரு கட்டையை உண்டாக்கி ஸ்விட்சின் மேல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஐஸ் பேலஸை ஐந்தாவதாகவும் மையரை ஆறாவதாகவும் எண்ணிட்டிருக்கிறார்கள். மாற்றி ஆடுவதே நல்லது.

டர்ட்டில் ராக் இன்னும் மோசம். பாஸ் ட்ரைனெக்ஸுக்கு மூன்று தலை. நெருப்புத் தலைக்கு ஐஸ் ராட், பனித் தலைக்கு ஃபயர் ராட். ஐஸ் ராட் எந்த டன்ஜனிலும் இல்லை; ஒளி உலகில் ஹைலியா ஏரிக்குக் கிழக்கே ஒரு குகையில் இருக்கிறது. அது இல்லாமல் பாஸ் அறை வரை போனவர்கள் அத்தனை தூரமும் திரும்பி நடக்க வேண்டியதுதான். இரண்டு ராடும் மாயசக்தியைத் தின்னும் என்பதால் பச்சை அல்லது நீல மருந்து ஒரு பாட்டிலாவது நிரப்பிக்கொள்ளுங்கள்.

வரிசைச் சுதந்திரம்தான் வேண்டும் என்றால் 2013-ல் வந்த 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' ஆடுங்கள். அதில் ஆயுதங்களை வாடகைக்கு எடுக்கலாம். செத்தால் வாடகைப் பொருளெல்லாம் கடைக்கே திரும்பிவிடும். ஆகவே ரூபி சேர்ந்ததும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். ஆஸ்ஃபாலாவை மீட்ட பிறகே கிடைக்கும் சாண்ட் ராட் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: 'மஜோராஸ் மாஸ்க்' டன்ஜனில் 11 தேவதைகளைப் பிடித்துவிட்டேன். நேரம் போதாமல் முதல் நாளுக்குத் திரும்பினேன். எல்லாம் போய்விட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்த ஆட்டம் ஒரே மூன்று நாளைத் திரும்பத் திரும்பச் சுழல்வது; அந்த மூன்று நாள் என்பது நிஜத்தில் சுமார் 54 நிமிடம். 'ஸாங் ஆஃப் டைம்' வாசித்துத் திரும்பினால் சின்னச் சாவி, பாஸ் சாவி, தேவதைகள், ரூபி, குண்டு, அம்பு எல்லாம் காலி. டன்ஜனில் கிடைத்த வில் போன்ற கருவிகளும், முகமூடிகளும், பாஸின் எச்சமும் தங்கும்.

முதல் நாள் காலை கடிகாரக் கோபுரத்துக்கு வெளியே வந்ததுமே அந்தப் பாட்டைத் தலைகீழாக வாசியுங்கள்: கீழ், ஏ, வலம், கீழ், ஏ, வலம். கடிகாரம் கணிசமாக மெதுவாகும். ஆட்டம் இதை முகத்துக்கு நேரே சொல்லித்தராததால் பலர் கடைசிவரை வேக ஓட்டத்திலேயே ஆடிவிடுகிறார்கள். அடுத்து, டன்ஜன் பக்கத்து ஆந்தைச் சிலையை ஏற்கெனவே தட்டி வைத்திருந்தால் நேராக அங்கே பறந்துவிடுங்கள். ஒவ்வொரு டன்ஜனிலும் தேவதைகள் 15. கிரேட் ஃபேரி முகமூடியைப் போட்டுக்கொண்டால் அருகில் தேவதை இருக்கும்போது அதன் கூந்தல் மினுங்கும். குமிழிலிருந்து விடுபட்ட தேவதை தானே உங்களை நோக்கி மிதந்துவரும்.

பாஸை ஒரு முறை வென்றுவிட்டால், அடுத்த சுழற்சியில் டன்ஜன் வாசலுக்கு அருகிலேயே நேரே பாஸ் அறைக்குப் போகும் வழி தோன்றும். ஆகவே முதல் சுழற்சியில் பாஸை முடியுங்கள், இன்னொரு சுழற்சியைத் தேவதைகளுக்கே ஒதுக்குங்கள். 15-ஐயும் அந்த வட்டாரத்து ஊற்றில் ஒப்படைத்த பிறகே திரும்பும் பாட்டைத் தொட வேண்டும். நான்கிலும் சேர்க்கப் பொறுமை இல்லை என்றால் ஸ்னோஹெட்டையும் கிரேட் பேயையும் மட்டும் முடியுங்கள். முன்னது மாயசக்தியை இரட்டிப்பாக்கும், பின்னது வாங்கும் அடியைப் பாதியாக்கும்.

கேள்வி: 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' ஆட்டத்தில் 120 ஷ்ரைனையும் முடித்தால் இதயம், ஸ்டாமினா இரண்டும் முழுதாகுமா?

பதில்: ஆகாது. ஷ்ரைன் எனும் சிறு புதிர்க்கூடம் ஒன்றுக்கு ஓர் உருண்டை. நான்கு உருண்டைக்கு ஒரு உயர்வு. 120-க்கு 30 உயர்வு. டிவைன் பீஸ்ட் எனும் நான்கு பெரிய டன்ஜன்களின் பாஸ்களும் ஆளுக்கோர் இதயம் தரும். ஆக 34. மூன்று இதயத்தில் தொடங்கி முப்பதைத் தொட 27 வேண்டும். ஸ்டாமினாவை ஒரு வட்டத்திலிருந்து மூன்று வட்டமாக்க 10 வேண்டும். மொத்தம் 37. மூன்று உதைக்கிறது.

மாஸ்டர் வாளை உருவ 13 இதயம் தேவை, மஞ்சள் நிறத் தற்காலிக இதயம் கணக்கில் சேராது. நான்கு பீஸ்ட்டையும் முடித்திருந்தால் 24 உருண்டை இதயத்துக்குப் போட்டால் போதும். ஒன்றையும் முடிக்காவிட்டால் 40. அதுவரை ஸ்டாமினாவில் போட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ஹடேனோ கிராமத்துக் கொம்புச் சிலை, இதயம் அல்லது ஸ்டாமினா உயர்வில் ஒன்றை 100 ரூபிக்கு உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு மற்றதை 120-க்கு விற்கும். மாற்றுக்கூலி 20 ரூபிதான்.

கேள்வி: மியாம் அகானா ஷ்ரைனில் கன்ட்ரோலரைச் சாய்த்து உருண்டையை ஓட்டும் வளைபாதை கண்ணீரை வரவழைக்கிறது.

பதில்: கன்ட்ரோலரைத் தலைகுப்புறத் திருப்புங்கள். வளைபாதையின் அடிப்பக்கம் சுவரே இல்லாத வழவழப்பான பலகை. உருண்டையை அதன் மேல் விழவைத்து வாசலுக்குத் தூக்கிப் போடலாம். ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: 'மேஜர் டெஸ்ட் ஆஃப் ஸ்ட்ரெங்த்' ஷ்ரைன்களில் ஒவ்வொரு முறையும் சாகிறேன்.

பதில்: அங்கே நிற்கும் கார்டியன் ஸ்கவுட்டின் உயிர் அளவு 3000. தாக்குதல் 20 கொண்ட வாளோடு போனால் 150 வெட்டு வேண்டும், அதற்குள் வாளே நொறுங்கிவிடும். 40-க்குக் குறையாத ஆயுதம் மூன்று வைத்துக்கொண்டு போங்கள்.

அது சுழன்றபடி உங்களை நோக்கி வரும்போது தூண் ஒன்றின் பின்னால் நில்லுங்கள். தூணில் மோதிச் சற்று மயங்கும், அதுதான் அடிக்கும் நேரம். நின்ற இடத்திலேயே சுழன்று காற்றைக் கிளப்பினால் பாராகிளைடரை விரித்து மேலே போய் வில்லை இழுங்கள், நேரம் மெதுவாகும். உயிர் குறைந்ததும் லேசர் குறிவைக்கும். ஓடுவதைவிட அது சுடும் கணத்தில் கேடயத்தால் தட்டிவிடுவது மேல். அது விட்டுச்செல்லும் ஆயுதங்கள் நல்ல தரம். எதிரிகளை மீண்டும் எழுப்பும் ரத்த நிலா வந்தபின் அதே ஷ்ரைனுக்குப் போனால் மறுபடியும் நிற்கும், மறுபடியும் ஆயுதம் தரும்.

கேள்வி: ஸெல்டா பாணியில் சின்ன ஆட்டம் ஒன்று செய்கிறேன். முதல் டன்ஜனில் ஆடிப் பார்த்த நண்பர்கள் பாதியிலேயே சாவி இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: சாவியும் பூட்டும் சம எண்ணிக்கையில் இருக்கின்றனவே என்று விட்டிருப்பீர்கள். மொத்தம் சமமாக இருந்தால் போதாது. எந்தக் கதவை எப்போது திறப்பார்கள் என்பதுதான் கணக்கு.

ஒரு கூடம். அதில் ஒரு சாவி. இரண்டு பூட்டிய கதவு. இடக் கதவுக்குப் பின்னால் வெறும் ரூபிப் பெட்டி. வலக் கதவுக்குப் பின்னால் மீதி டன்ஜனும் அடுத்த சாவியும். சாவி இரண்டு, பூட்டு இரண்டு, தாளில் சரி. ஆனால் ஆட்டக்காரர் இடப் பக்கம் முதலில் திறந்தால் கதை முடிந்தது. திருத்த மூன்று வழி. இடப்பக்க அறையிலும் ஒரு சாவி வைக்கலாம். போட்டது திரும்பக் கிடைத்துவிடும். கூடத்திலேயே இரண்டு சாவி வைக்கலாம். அல்லது இடப் பூட்டை எடுத்துவிட்டு, குண்டு வைத்து உடைக்கும் சுவராக மாற்றலாம். மூன்றாவதே எங்கள் சிபாரிசு. சாவிக் கணக்கே எளிதாகிவிடும்.

பெரிய டன்ஜனுக்கும் இதே சோதனைதான். ஆட்டக்காரர் வேண்டுமென்றே மிக மோசமான வரிசையில் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கதவைத் தவிர எட்டக்கூடிய எல்லாக் கதவையும் திறந்த பிறகும் கையில் ஒரு சாவி மிஞ்ச வேண்டும். மூன்று கதவு: ஒன்றின் பின்னால் சாவி, ஒன்றின் பின்னால் ஒன்றுமில்லை, ஒன்று முக்கிய வழி. கூடத்தில் எத்தனை சாவி வேண்டும்? இரண்டு. ஒன்று மட்டும் வைத்தால் வெற்று அறையைத் திறந்தவர் அங்கேயே நிற்பார்.

பாஸ் கதவுக்குத் தனிச் சாவி வைப்பதும் இந்தக் கணக்கிலிருந்து ஒரு கதவை வெளியே எடுக்கத்தான். 1991-ல் 'எ லிங்க் டு தி பாஸ்ட்' பெரிய சாவியைத் தனியாகப் பிரித்ததில் அந்த வசதியும் உண்டு.

சாவிக் கணக்கு சரியாக இருந்தும் சிக்கல் வந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். எதிரி விட்டுச்செல்லும் சாவி குழியில் விழுந்து மறைகிறதா? சாவியைப் பெட்டியில் மட்டும் வையுங்கள். மேல்தளத்திலிருந்து குதித்தபின் திரும்ப ஏற வழியில்லாத இடம் உண்டா? உண்டென்றால் கீழே குறுக்குவழி ஒன்று வேண்டும். கடைசியாக, சேவ் செய்யும்போது சாவி எண்ணிக்கையும் கதவின் நிலையும் ஒரே நேரத்தில் பதிவாகின்றனவா? சாவி கழிந்தது பதிவாகி, கதவு திறந்தது பதிவாகாமல் போனால் அந்தச் சாவி போனது போனதுதான். சோதிக்கும்போது எளிதில் கண்ணில் படாத பிழை இது.

முதல் முயற்சிக்குப் பத்துப் பன்னிரண்டு அறை, இரண்டு சின்னச் சாவி, ஒரு பாஸ் சாவி, ஒரு கருவி போதும். கருவியைப் பாதி வழியில் கொடுங்கள். கிடைத்த அறையிலிருந்து வெளியேறவே அதைப் பயன்படுத்த வேண்டியிருக்கட்டும். அங்கே எதிரி வேண்டாம். அடுத்த அறையில் எதிரியோடு, அதற்கடுத்ததில் பழைய புதிரோடு சேர்த்து. தொடக்க அறையில் எட்டாமல் தெரிந்த பெட்டி ஒன்று அந்தக் கருவியால் எட்டட்டும்.

கேள்வி: 'லிங்க்ஸ் அவேக்கனிங்' ஈகிள்ஸ் டவரில் இரும்புக் குண்டை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

பதில்: தூக்கிக்கொண்டு ஏற முடியாத தடுப்புகளின் மேலாக அதை எறியுங்கள், பிறகு வேறு வழியாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தூணையும் அந்தக் குண்டால் இடித்தால் நான்காம் தளம் மூன்றாம் தளத்தின் மேல் இறங்கி உட்காரும். அதன் பிறகு பழைய மேப்பை நம்பாதீர்கள்.